வால்வு அண்ணனும் மூன்று சேனல் ஆம்பும்

பெங்களூரில் பிறந்து, பெங்களூரிலேயே வளர்ந்து, ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’, அதாவது ‘கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்று வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத ஒரே மனிதர் வால்வு அண்ணன்தான். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவதாக ஒருவர் ஒண்டிக்கொள்ள வந்தால், எழுந்து நின்று தன் இடத்தைக் கொடுத்துவிடுவாரே தவிர நகர்ந்து உட்கார மாட்டார். “ரெண்டு பேருக்குன்னு பண்ண சீட்டுங்க இது” என்பார். ‘கொஞ்சம்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், “கொஞ்சம்னா எவ்ளோ?” என்று கேட்பார். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியதே பெரிய விஷயம்.

பீன்யாவில் பேரிங் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வருகிற சரக்கையெல்லாம் அளந்து பார்த்து, சரியில்லை என்று தள்ளுவதுதான் உத்தியோகம். சம்பளம் வாங்கிக்கொண்டு எட்டு மணி நேரம் தள்ளுவார்; சாயங்காலம் மல்லேஸ்வரம் வந்து இறங்கியதும் மீதி ஊரை இலவசமாகத் தள்ளுவார். நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில் இட்லியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சாம்பாரை ஊற்றுவார். கல்லாவில் இருப்பவர் அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான் என்று அண்ணி சொல்வார். கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, “அடுத்த வாரம் இன்னொரு தடவ வந்து பாக்கறோம்” என்றாராம். அண்ணியின் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. இதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் இன்றைக்கும் அசர மாட்டார். “பொண்ண அன்னிக்கே ஓகே பண்ணிட்டேன்பா. கேசரிலதான் டவுட்டு.”

எங்கள் இசைக்குழுவுக்கு அவர் கிட்டார் வாசிக்க வந்தது தனிக்கதை. நாங்கள் ஐந்து பேர். எல்லோரும் வாரநாட்களில் கம்ப்யூட்டர் முன்னால் குந்தியிருப்பவர்கள்; சனி ஞாயிறுகளில் கல்யாண ரிசப்ஷன், அபார்ட்மென்ட் விழா, அத்திபூத்தாற்போல் ஒரு பப் என்று மேடை ஏறுகிறவர்கள். கீபோர்டு வாசிக்கும் சங்கர்தான் லீடர். திருப்பத்தூரிலிருந்து பிழைக்க வந்த நான் பேஸ் கிட்டார், அதாவது புகைப்படத்தில் ஓரமாக நிற்பவன். முதல் நாள் ஒத்திகைக்கு வந்த அண்ணன், அங்கிருந்த ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார்.

“இதுல வால்வு இல்லியே.”

“இருந்தா என்னண்ணே, இல்லாட்டி என்ன?” என்று சங்கர் கேட்டுத் தொலைத்தான்.

எங்கள் டீ ஆறிப்போனது. பழைய ரேடியோவில் இருக்குமே, ஆரஞ்சு நிறத்தில் கனிந்து எரியும் கண்ணாடிக் குமிழ், அந்த வால்வு போட்ட ஆம்ப்தான் ஆம்ப். மற்றதில் சத்தம் வரும், பாட்டு வராது என்று ஒரு பிரசங்கமே செய்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் வால்வு. நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டையில் இருக்கும்.

இவ்வளவு பேசியவரிடம் சொந்தமாக ஆம்ப் கிடையாது என்பதுதான் கூத்து. சரியானது கிடைக்கும் வரை வாங்க மாட்டாராம். மேடையில் எது இருக்கிறதோ அதில் செருகி, முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசிப்பார். எங்கள் நிகழ்ச்சியோ கதம்பம். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, காதல் மெலடி, ஒரு கன்னடப் பாட்டு, குத்துப் பாட்டு, கடைசியில் பையன்கள் கேட்கும் ராக் என்று போகும். அண்ணனின் கிட்டார் அத்தனைக்கும் ஒரே குரலில் பேசியது. தாலாட்டும் சண்டைப் பாட்டும் ஒன்று போலக் கேட்டால் யார் கூப்பிடுவார்கள்? கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் சங்கர் போட்டு உடைத்துவிட்டான்.

“அண்ணே, விஜயதசமிக்கு ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்ட் ப்ரோக்ராம். பிடிச்சிருந்தா வருஷம் பூரா எல்லா ஃபங்ஷனும் நமக்குத்தான். அதுக்குள்ள நீங்க ஆம்ப் வாங்கணும். இல்லன்னா எங்க ஆபீஸ்ல விக்கின்னு ஒருத்தன் இருக்கான். கைக்கு அடக்கமா ஒரு டிஜிட்டல் பெட்டி வெச்சிருக்கான், எல்லா சவுண்டும் வருது. அவனத்தான் கூப்பிடணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். “நியாயம்தான். பாக்கறேன்” என்றார். வீட்டில், தொழிற்சாலையில், பஸ்ஸில் எங்குமே யாரிடமும் ஒட்டாத மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வாசிப்பதுதான் வாரத்தின் ஒரே சந்தோஷம் என்று அண்ணி என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால்தான் ஆம்ப் தேடும் படலத்தில் துணைக்குப் போக ஒப்புக்கொண்டேன். போயிருக்கக் கூடாது.

ஊரின் நடுவில் இருந்த இசைக்கருவிக் கடையை ஒரு பாய் நடத்திவந்தார். பொறுமைசாலி. அண்ணன் அவரிடம் தேவையை விளக்கினார்: வால்வு ஆம்ப்தான் வேண்டும், அதில் மூன்று சேனல், அதாவது மூன்று விதமான குரல் இருக்க வேண்டும். முதலாவது கிளீன், கரகரப்பே இல்லாதது, பிள்ளையார் பாட்டுக்கும் மெலடிக்கும். இரண்டாவதில் லேசான கரகரப்பு, குத்துப் பாட்டுக்கு. மூன்றாவது லீட், முழு ஆங்காரம், ராக்குக்கு. தரையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. காலால் மிதித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும்.

“இருக்கு சாப், பாருங்கோ” என்று பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணன் பிள்ளையார் பாட்டிலிருந்து தொடங்கி எங்கள் நிகழ்ச்சி முழுவதையும் வாசித்துப் பார்த்தார். கிளீன் நன்றாக இருக்கிறது, லீட் மிக்ஸியில் தேங்காய் அரைப்பது போல் இருக்கிறது என்று தள்ளினார். அடுத்ததில் லீட் பிரமாதம், கிளீனுக்குச் சளி பிடித்திருக்கிறது. இன்னொன்றில் எல்லாம் சரி, சேனல் மாறும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். எனக்குக் கேட்கவில்லை. பாய்க்கும் கேட்கவில்லை. “காத கிட்ட வைங்க” என்று பாயைத் தரையில் படுக்க வைத்துவிட்டார்.

நான்காவதாக வந்தது கனம் சோதனை. எங்கள் மேடைகளுக்கு லிஃப்ட் இருக்காதே, மாடிப்படியில் தூக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டாமா? பாயும் நானும் ஒரு ஆம்பைக் கடையின் படிகளில் இறக்கி, மறுபடி ஏற்றினோம். அண்ணன் எங்கள் மூச்சு வாங்குவதைக் காது கொடுத்துக் கேட்டார்.

“வெயிட்டு ஜாஸ்தி” என்று தீர்ப்பு வந்தது.

“சாப், உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்குது. கம்மி வெயிட்டுல வேணும்னா வால்வு இல்லாத ட்ரான்ஸிஸ்டர் ஆம்ப் வாங்குங்கோ” என்று பாய் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

“அதுல பாட்டு வராது பாய்.”

இப்படியே வாரா வாரம். எங்களைத் தெருமுனையில் பார்த்ததும் கடையில் வேலை செய்பவர்கள் சாப்பாட்டு நேரம் என்று கிளம்பிவிடுவார்கள். தசரா நெருங்கியது. விக்கியின் பெயர் சங்கரின் வாயில் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை அண்ணன் ஒரு ஆம்பின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வாசித்தார், காலால் மிதித்தார், கேட்டார். பிறகு மிகச் சாதாரணமாக, “இது ஆவும்” என்றார். பாய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்து இனிப்புக் கடையிலிருந்து தம்ரூட் வரவழைத்து, வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்கும் கொடுத்தார். அந்த ஆட்டோக்காரர் ஆம்பைப் பார்த்து, “என்ன சார் இது, ஃப்ரிட்ஜா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, அதற்குத் தனி வாடகை கேட்டார்.

வாங்கியாயிற்று, பிழைத்தோம் என்றிருந்தேன். நடுவில் ஆயுத பூஜை வந்தது.

பீன்யாவில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமா? லேத் மிஷினிலிருந்து டீ கேன் வரை சகலத்துக்கும் மாலை, பொட்டு, பூசணிக்காய். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் புது ஆம்பை விடுவாரா? சாயங்காலம் அவர் வீட்டுப் பூஜைக்கு நான் போனபோது, ஆம்ப் வாழைக்கன்றுகளுக்கு நடுவே செவ்வந்தி மாலையோடு வீற்றிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அண்ணன் கெட்டிச் சந்தனத்தைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக அப்பிக்கொண்டிருந்தார். கால் ஸ்விட்சுக்கு ஒரு கவனிப்பு அதிகம். வேலை அதற்குத்தான் ஜாஸ்தியாம்.

“ஏங்க, அது பாட்டுப் பெட்டிங்க. லேத்து மிஷினுக்கு வெக்கற மாதிரி வெக்கறீங்களே” என்றார் அண்ணி.

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் வெக்கணும். ஒண்ண விட்டா அது கோச்சுக்கும்” என்றார் அண்ணன். ஆரத்தி எடுத்தார்கள். எனக்கு சுண்டல் கிடைத்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. அபார்ட்மென்ட் புல்வெளியில் மேடை. மைசூர் பட்டு கட்டிய செக்ரட்டரி மேடம் முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் குழந்தைகளின் மாறுவேடப் போட்டி. எல்லாக் குழந்தையும் துர்க்கையாக வந்திருந்ததால் முடிய நேரமாகி, எங்களுக்கு சவுண்டு செக் கிடைக்கவில்லை.

“செக் பண்ணாம எப்படிப்பா வாசிக்கறது?” என்று அண்ணன் பதறினார்.

“கடையில பண்ண செக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்ணே, ஏறுங்க” என்றான் சங்கர்.

முதலில் பிள்ளையார் பாட்டு. கிட்டார் மட்டும் மெல்ல ஆரம்பிக்க வேண்டும். விளக்கேற்றிவிட்டு மேடம் கண்ணை மூடிக் கைகூப்பினார். அண்ணன் ஒரு கம்பியைத் தொட்டார்.

‘கர்ர்ர்ர்ர்’ என்று புல்வெளியே அதிர்ந்தது. லீட் சேனல், முழு ஆங்காரம். மேடம் கண்ணைத் திறந்தார். ஒரு துர்க்கை அழ ஆரம்பித்தாள். அண்ணன் ஸ்விட்சை மிதித்தார். அசையவில்லை. ஓங்கி மிதித்தார். குனிந்து கையால் அழுத்தினார். ஆம்பின் முகப்பில் இருந்த பட்டனையும் அழுத்தினார். அதுவும் அழுந்தியது அழுந்தியபடியே இருந்தது. நான் தாளம் போடுவது போல நடந்து பக்கத்தில் போனேன்.

“அண்ணே, கிளீன் போடுங்கண்ணே.”

“போக மாட்டேங்குதுடா. சந்தனம் உள்ள போய் காஞ்சு கல்லாயிடுச்சு.”

“முன்னாடி பட்டன்?”

“அதுக்கும் வெச்சேனே.”

சங்கர் அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்த பார்வையில் விக்கி தெரிந்தான். அண்ணனும் அதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் தொங்கிப்போனது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன். கழற்றுவதற்கு முன் சத்தத்தை நிறுத்த வேண்டுமே, அதற்காகத்தான் கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழைச் சுண்டு விரலால் குறைத்தார். குறைத்தபடியே கைப்பழக்கத்தில் ஒரு கம்பி தட்டுப்பட்டது.

கிட்டாரிலிருந்து போகும் சத்தம் குறைந்ததும் வால்வின் ஆங்காரம் அடங்கியிருந்தது. குழைவாக, சுத்தமாக, ஓரத்தில் மட்டும் லேசான சூட்டோடு ஒரு சுரம் வந்தது. அண்ணன் குனிந்து தன் சுண்டு விரலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பிள்ளையார் பாட்டு ஆரம்பித்தது. மேடம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று முழுக்க அந்தச் சுண்டு விரல்தான் வேலை செய்தது. மெலடிக்குக் கீழே, குத்துப் பாட்டுக்கு நடுவில், ராக்குக்கு முழுசாக மேலே. பாட்டின் நடுவிலேயே ஏற்றி இறக்கினார். ஒரே வரியில் கெஞ்சவும் சண்டை போடவும் அவர் கிட்டாரால் முடிந்தது. காலால் மிதித்து மாற்றியிருந்தால் அது வந்திருக்காது. அவர் முகத்தைச் சுளிக்காமல் வாசித்து நான் பார்த்தது அன்றுதான். கடைசிப் பாட்டில் செக்ரட்டரி மேடமே எழுந்து ஆடினார். பட்டுப்புடவையோடு.

முடிந்ததும் அண்ணன் மேடைக்குப் பின்னால் ஆம்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “மூணு சேனல் வேணும், மூணு சேனல் வேணும்னு பாய தரையில படுக்க வெச்சனேடா” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

சங்கர் வந்து நின்றான். வருஷம் முழுவதும் எங்களுக்கே என்று மேடம் சொல்லிவிட்டாராம். “விக்கிகிட்ட வேணாம்னு சொல்லிட்டேண்ணே. நீங்கதான் எங்க கிட்டாரிஸ்ட்டு” என்றான்.

அண்ணன் யோசித்தார். “அவசரப்படாத சங்கரு. மெலடியில ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல தப்பு விட்டேன். நீ இன்னும் ரெண்டு ப்ரோக்ராம் கேட்டுட்டு அப்புறமா முடிவு பண்ணு.”

சங்கர் தலையில் அடித்துக்கொண்டான். நான் குறுக்கே புகுந்தேன். “முடிவு பண்ணியாச்சுண்ணே. நீங்க இல்லாம நாங்க வாசிக்கறதா இல்ல” என்றேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நெடுநேரம் துடைத்தார்.

இந்த மனிதரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் இன்னும் ஒரு வண்டி இருக்கிறது, நாள் முழுக்கச் சொல்வேன். வேறு யாராவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.