தேசிக் கன்று ஏறிய படகு

உஸ்ஸ்ஸ். குசினியில் பிரஷர் குக்கர் மூச்சுவிடும்போதெல்லாம் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கட கப்பல் வெளிக்கிடுது" என்பாள். நான் சிரிக்க வேண்டும். சிரிப்பேன். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் எனக்கு ஒரு கடற்கரை கிடக்கிறது. ஈர மணல், கோடையிலும் குளிர்கிற நீலம், அதைப் பார்த்தபடி அண்ணை.

அண்ணை மன்னாரில் மீன்பிடிப் படகு ஓட்டியவர். கடலுக்குப் போகத் தடை வந்த காலத்தில் கரையேறி, தையல் மெசின் திருத்தக் கற்று, அப்படியே கரையில் தங்கிப்போனவர். மூன்று மாத விசாவில் அவுஸ்திரேலியாவுக்கு, எங்கள் கிரெய்கிபர்ன் வீட்டுக்கு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒருக்கா எஞ்சின் பிடியைப் பிடிக்கவேணும் தம்பி. எந்தக் கடலெண்டாலும் சரி."

எந்தக் கடலென்றாலும் சரியாம். (தம்பிக்குச் சரிவருமா?) விக்டோரியாவில் எஞ்சின் படகு ஓட்ட லைசென்ஸ் வேண்டும், டாஸ்மேனியாவில் சின்ன எஞ்சினுக்கு வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் அவுஸ்திரேலியாதான். ஆனாலும் காரைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடந்து போனால் எனக்கு அது வெளிநாடு. காற்றடித்தால் விரியும் ரப்பர் படகொன்றும், தையல் மெசினைவிடச் சற்றே பெரிய எஞ்சினொன்றும் பழையதாக வாங்கினேன்.

நம்மவர் ஒருவர் பயணம் போகிறார் என்றால் நாலு திசையிலிருந்தும் பார்சல் வரும். மிளகாய்த்தூள், முறுக்கு, யாருடையதோ கலியாண அல்பம். கடைசியாக ரோவில் பகுதியில் இருக்கும் அன்ரி ஒருவர், டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் இருக்கும் மகளுக்கென்று ஒரு தேசிக் கன்றோடு, முழ உயர எலுமிச்சைச் செடியோடு, வந்தார்.

"அன்ரி, அங்க செடி கொடி கொண்டுபோக விடமாட்டினம்."

"படகுக்குள்ள வைச்சுச் சுருட்டும். ஆர் பாக்கப்போகினம்?"

மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் வேறு மனிதன். சுருட்டினேன். சுற்றிக் கட்டும் பட்டி எட்டவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து இறுக்கினேன். உள்ளே ஏதோ நெரிந்தது. கன்றுக்காக வருந்தினேன்.

டெவன்போர்ட்டில் கப்பலிலிருந்து இறங்கியதும் ஒரு மோப்ப நாய் காரைச் சுற்றிவந்து, பின்கதவருகே மரியாதையாக உட்கார்ந்தது. செடி, பழம் ஏதும் உண்டா என்று அதிகாரிப் பெண் கேட்டார். இல்லை என்றேன். (என் வாழ்நாளின் மிகத் திருத்தமான ஆங்கிலம் அது.)

"தேசிக் கன்றைச் சொல்லேல்லையே?" என்றார் அண்ணை. தமிழில்தான். ஆனால் கை படகைக் காட்டியது.

பின்னால் கார்கள் வரிசையில் காத்து நிற்க, வெயிலில் படகை விரித்தேன். கன்று மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதிகாரி அதைப் பையில் கட்டிக்கொண்டு, வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையைப் போல என்னைக் கண்டித்து அனுப்பினார். தேசிக்கு முள் உண்டென்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

கடற்கரையில் பம்பை மிதித்தேன். படகு எழும்பியது. பிறகு பல இடங்களில் ஒரே நேரத்தில், உஸ்ஸ்ஸ்.

ஒட்டுப்போட மூன்று துண்டு இருந்தது. அண்ணை ஓட்டைகளை விரலால் தடவி எண்ணினார். பதினொன்றில் நிறுத்திவிட்டார்.

"பரவாயில்லை. நீ காத்தடி" என்றார்.

அடித்தேன். அவர் ஏறிப் பின்னால் உட்கார்ந்து, ஓடாத எஞ்சினின் பிடியைப் பிடித்தார். மணலில் இருந்த படகை, வராத அலையொன்றுக்காகக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். நான் மிதிக்கும்வரைதான் அவருக்குக் கடல். கால் மரத்தும் நான் நிறுத்தவில்லை.

அடுத்த கிழமை அவருடைய விசா முடிந்தது. மறுபடி விண்ணப்பித்தோம், இன்னும் பதில் இல்லை. எஞ்சின் கராஜில் இருக்கிறது. துடைக்கிறேன், விற்கவில்லை.

புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் "போட்டு வாறன்" என்று நடந்தவர், கண்ணாடிக் கதவருகே திரும்பினார்.

"தம்பி, அடுத்தமுறை படகை நான் சுருட்டுறன்."