சருகைக் கூட்டாதே, ஷூட்டிங் வருது!

ஊருக்கு ஷூட்டிங்கைக் கொண்டுவந்தே தீருவேன் என்று அலைகிற ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லையா? கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், கேமரா பிடிப்பதுபோல இரண்டு கை விரல்களையும் கட்டமாகச் சேர்த்து, அதன் வழியே டீக்கடையை உற்றுப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரேதான். எங்கள் ஊரில் அவருக்கு ஆத்மநாதன் என்று பெயர்.

சட்டைப் பையில் ஒரு பேப்பர் துண்டு. இங்கே வந்து படமோ சீரியலோ எடுத்தால் செலவில் ஒரு பங்கை அரசாங்கமே திருப்பிக் கொடுக்கப்போகிறது என்ற செய்தி. மடித்து மடித்து எழுத்தே தேய்ந்துவிட்டது. அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கு நார்த்தாமலை லொகேஷன், குடுமியான்மலை லொகேஷன், கண்மாயில் எருமை குளித்தால் அதுவும் லொகேஷன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாயில் சோற்றை வைக்குமுன்னே, “மானியம் விசயம் தெரியுமாங்க?” மானியம் படக் கம்பெனிக்கு. துள்ளுவது இவர்.

துள்ளிவிட்டுப் போகட்டும். செவந்தியின் முந்திரித் தோப்புக்குள் நுழைந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அந்தத் தோப்புதான் வருஷச் சாப்பாடு. மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி வைத்தால்தான் விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரியும். விளக்குமாறும் கையுமாக நின்றவளை இவர் மறித்தார்.

“சருகுல கை வைக்காத தாயி! டைரக்டரு இயற்கையாத்தான் கேப்பாரு.”

“கொட்டை விழுந்தா எப்புடிண்ணே பொறுக்குறது?”

“கொட்டை அடுத்த வருசமும் விழும். டைரக்டரு வருவாரா?”

நம்பிவிட்டாள், பாவம். மூன்று வாரம் கொட்டையெல்லாம் சருகுக்குள்ளேயே விழுந்தது. நடுவில் கோடை மழை வேறு ஊற்றிவிட்டுப் போய், மறுபடி வெயில் காய்ந்தது. ஒருவழியாகப் படக் கம்பெனி வேன் வந்தது. ஆத்மநாதன் மாலையோடு ஓடினார். இறங்கிய டைரக்டர் தோப்புக்குள் நாலடி வைத்தார். மொறுமொறுவென்று சத்தம்.

“என்னங்க இது, நடந்தா வசனமே கேக்காது போல! இதையெல்லாம் கூட்ட மாட்டீங்களா?”

வேன் நார்த்தாமலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. செவந்தி விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். அடியில் கிடந்த கொட்டையெல்லாம் கறுத்தும் முளைவிட்டும் போயிருந்தது.

“வாங்கண்ணே, இப்ப எடுங்க படம். இயற்கையாத்தான் இருக்கு.”

அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? விரல்களைக் கட்டமாகச் சேர்த்தார். “அப்புடியே நில்லு தாயி! மொகத்துல வெளிச்சம் அருமை!”

அடப்பாவி என்று திட்டுகிறீர்கள். திட்டுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: வேன் வந்தது என்று படித்ததும் செவந்தியின் கொட்டையை நினைத்தீர்களா, இல்லை எந்த நடிகர் இறங்குவார் என்று பார்த்தீர்களா? எங்கே, அந்த விரல்களைக் கொஞ்சம் காட்டுங்கள்.