நிமிர்ந்து நின்ற குற்றம்

"ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று மேனேஜர் வெங்கடகிருஷ்ணன் கேட்டார்.

"எப்படி சார்?" என்றான் இளவழகன்.

"ஒண்ணுமில்ல. போங்க."

நீடாமங்கலத்தில் ஒரு விதைநெல் கம்பெனியில் இளவழகன் கணக்கன். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டே உட்கார்ந்து, கழுத்து முன்னால் நீண்டு, ஒரு தோள் இறங்கி, வலி தாங்காமல் தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தான். நெஞ்சை விரித்து நிற்கச் சொன்னது அவர்தான்.

அவன் நெஞ்சை விரித்து வவுச்சரை நீட்டினால், மேனேஜரும் எழுந்து அதைவிட விரித்து வாங்கினார். இருவரும் சண்டைச் சேவல் மாதிரி நின்றார்கள்.

"அவரு மொறைக்கிறாரு டாக்டர்."

"தாடையைக் கொஞ்சம் உள்ள இழுங்க. சரியாயிடும்."

சரியாகவில்லை. தாடையை இழுத்ததில் உதடு இறுகி, யாரைப் பார்த்தாலும் அலட்சியமாகப் பார்ப்பதுபோல் ஆயிற்று. மேனேஜரும் தாடையை இழுத்துக்கொண்டு பதிலுக்குப் பார்த்தார்.

அடுத்து, சுவரில் முதுகை ஒட்டிக் கைகளைத் தூக்கி இறக்கும் பயிற்சி. யார் கண்ணிலும் படாமல் மதியம் ஃபைல் ரூமில் செய்தான். கதவைத் திறந்த மேனேஜருக்குக் காது சிவந்துவிட்டது. கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் முத்துப்பேட்டைக்கு மாற்றல். காரணம், மரியாதைக் குறைவு.

"நேராத்தானே நின்னீங்க?" என்றாள் மனைவி செவ்வந்தி.

"அதான் பொறுக்கல. எங்கப்பா மேனேஜர் வீட்டு வயல்ல குனிஞ்சு நாத்து நட்டாரு. நானும் குனிஞ்சே நிக்கணுமாம்."

"சும்மா விடாதீங்க. ஹெட் ஆபீஸுக்கு எழுதுங்க."

"எழுதத்தான் போறேன். நேரா நிக்கச் சொன்னதே டாக்டர்தான்னு சர்டிஃபிகேட் வாங்கி வச்சு எழுதறேன்."

அன்று சாயங்காலமே தஞ்சாவூருக்கு பஸ் ஏறினான். டாக்டரம்மா உள்ளே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றாமையை வரவேற்பில் இருந்த எழில்மொழியிடம் கொட்டினான்.

"ஒரு மனுஷன் நிமிர்ந்து நிக்கறது ஒரு குத்தமாம்மா? எங்க விதைக் கம்பெனியில குத்தம். என்ன ஆணவம் பாருங்க."

"எந்த ஊரு சார் உங்க கம்பெனி?"

"நீடாமங்கலம்."

எழில்மொழி சாத்தியிருந்த கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க சார். உள்ள இருக்கறது உங்க மேனேஜர்தான். டாக்டர் சொல்லிக் குடுக்கற ஒவ்வொரு பயிற்சியையும் ஆபீஸ்ல ஒருத்தர் அப்படியே செஞ்சு காட்டி நக்கல் பண்றாராம், அழுதுகிட்டிருக்காரு."