சிமெண்ட் விற்ற ஆவி

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அந்தத் தெருவில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைக்கவும் இடம் கிடைக்காது. என்ன விசேஷம் என்கிறீர்களா? செத்துப்போனவர்கள் பேசுகிறார்கள். உயிரோடு இருப்பவன் வீட்டில் வாயைத் திறந்தால் "சும்மா இரு" என்று அடக்குகிற ஜனங்கள், செத்தவன் பேச்சைக் கேட்கத் தெருமுனை வரை வரிசையில் நின்றார்கள். காணிக்கையும் கொடுத்தார்கள். முன்வரிசை நாற்காலிக்குத் தனிக் காணிக்கை.

இடம், வானொலி நிலையத்துக் கம்பம் நிற்கிற மைதானத்தை ஒட்டிய பழைய வாடகை மண்டபம். பேசவைப்பவர் அதிர்வானந்தர். பேசுவது ஒரு பெட்டி.

கிட்டார் வாசிக்கிறவர்களின் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெடல் என்பார்கள். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் அதற்குள் நுழைந்து ஸ்பீக்கருக்குப் போகும். ஒன்றை மிதித்தால் கிட்டார் உறுமும். இன்னொன்றை மிதித்தால் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் எதிரொலிக்கும். கடையில் வாங்காமல், சில்லறைப் பாகங்களை வாங்கி வந்து, ஈயத்தைச் சூடுபோட்டு ஒட்டி, மிட்டாய் டப்பாவுக்குள் அடைத்து, மேலே படம் வரைந்து வீட்டிலேயே செய்துகொள்கிற பைத்தியங்களும் உண்டு. அது நல்ல பைத்தியம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைத் தவிர வேறு எதையும் கெடுக்காது.

அதிர்வானந்தர் அந்தப் பைத்தியத்தைத் தொழிலாக்கினார். முற்பிறவியில், அதாவது போன வருடம் வரை, மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய மைக்கில் உயிருள்ளவன் பேசினாலே ஒன்றும் புரியாது. இப்போது அவருடைய பெட்டியில் செத்தவர்கள் பேசுகிறார்கள், அதுவும் புரிவதில்லை. தொழிலில் ஒரு நேர்மை வேண்டாமா?

பெட்டிக்கு 'மறுகரைப் பெட்டி' என்று பெயர். முழுக்க மரம். "இரும்பு ஆகாது, தகரம் ஆகாது. உலோகத்தைக் கண்டா ஆவி ஒதுங்கிப் போயிடும்" என்பார். செத்தவருக்குப் பிரியமான ஒரு பொருளைப் பெட்டியின் தலையில் வைப்பார். மண்டபத்தின் திரைகளை இழுத்து விடுவார். ஒரு நீள ஒயரைச் செருகிக் குமிழைத் திருப்புவார். ஸ்பீக்கர் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் மூச்சுத்திணறி வெளியே வரும்.

கூட்டம் அழும். அதிர்வானந்தர் உரை சொல்வார்.

ஒரு தையல்கார அம்மாவுக்கு அவர் கணவர் மூன்று வாரமாகச் சிமெண்டைப் பற்றியே பேசினார். அந்த அம்மா குழம்பிப்போய்க் கேட்டார்.

"சாமி, அவரு துணிக்கடையில இருந்தவரு. சிமெண்ட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

"சிமெண்ட்னா என்னம்மா? உறுதி. மனச உறுதியா வச்சுக்கோன்னு சொல்றாரு."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்தப்ப இவ்வளவு ஆழமா பேசினதே இல்ல சாமி."

வீட்டுக்கு எடுத்துப்போகச் சின்னப் பெட்டிகளும் விற்பனைக்கு இருந்தன. அவை மண்டபத்தில் பேசும், வீட்டில் ஊமையாகிவிடும். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "வீட்டுல சுத்தம் போதாது" என்று பதில் வந்தது. ஊரில் பாதி வீடுகள் கழுவித் துடைக்கப்பட்டன. அவரால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், பக்கத்தில் உட்காருபவர்களுக்கெல்லாம் "இது குவாண்டம்ங்க" என்று விளக்கிக்கொண்டிருப்பார். குவாண்டம் என்றால் என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் பாவம், என்ன செய்வார்?

இந்தக் கூட்டத்தில் வாராவாரம் மூன்றாவது வரிசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஊர் அவளைக் 'கிட்டார்காரர் மனைவி' என்று அறியும். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவன் அவள் கணவன். சமையலறை மேசையில்தான் பெடல் செய்வான். அவள் காய் நறுக்குகிற பலகைக்குப் பக்கத்தில் அவன் ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருக்கும். ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மேசையில் பாதி செய்த பெடல் ஒன்று திறந்தபடி கிடந்தது. அவள் அதை இன்னும் மூடவில்லை.

அவளுக்கு வேறு ஊரில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இருக்க வீடும் தருகிறார்கள். அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு. ஊருக்குப் போகத் துணிப்பெட்டி கட்டத் தொடங்கியிருந்தவளிடம்தான் போன ஞாயிறு மறுகரை பேசியது. "எங்கும் போய்விடாதீர்கள். இதோ வருகிறோம்."

அவள் கட்டிய துணிப்பெட்டியைப் பிரித்துவிட்டாள்.

கிட்டார்காரனுக்கு ஒரு தங்கை. பெடல்களுக்குப் படம் வரைவதுதான் அவள் பிழைப்பு. அண்ணன் கூடவே இருந்து உள்வேலையையும் கற்றுக்கொண்டவள். வாய் கொஞ்சம் நீளம். அன்று சாயங்காலம் சமையலறையில் அண்ணியை மடக்கினாள்.

"அண்ணி, அண்ணன் என்னைக்காவது உங்கள 'போகாதீர்கள்'னு சொல்லியிருக்கானா? 'ஏய், இங்க வா'ன்னுதானே கூப்பிடுவான்?"

"அங்க போனா மரியாதை வந்துடுமாம். சாமி சொன்னாரு."

"வருகிறோம்னு சொன்னானே, கூட யாரு? குழுவையும் கூட்டிட்டா வரான்?"

"உனக்குக் கிண்டலா இருக்கு. எனக்கு அந்தக் குரலை விட்டா வேற என்ன இருக்கு, சொல்லு."

அண்ணன் போன துக்கம் அவளுக்கும்தான். ஆனால் செத்தவன் ஒருமுறைதான் போனான்; இந்த ஆள் உயிரோடு இருப்பவளை வாராவாரம் புதைத்துக்கொண்டிருந்தான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மறுநாள் அதிர்வானந்தரே அவள் பட்டறைக்கு வந்தார். பெரிய மறுகரைப் பெட்டிக்குப் புதிதாகப் படம் வரைய வேண்டுமாம். அலைகள் வேண்டும், கண்கள் வேண்டும், பார்த்தவர்களுக்குப் புல்லரிக்க வேண்டும்.

"வெளியே உன் இஷ்டம்மா. உள்ள மட்டும் தகடு, தாள்னு எந்த உலோகமும் ஒட்டிடாத."

"யாரும் பார்க்காத இடமாச்சே சாமி. உள்ள ஒட்டினா என்ன?"

"ஆவி ஒதுங்கிப் போயிடும்."

"உள்ள ஓடுற ஒயர் செம்பு. பேட்டரி மேல தகரம். ஒட்டியிருக்கறது ஈயம். அதெல்லாம் ஆவிக்கு ஒத்துக்குதா?"

அதிர்வானந்தர் கண்ணை மூடினார். "கேள்வி கேட்டா அதிர்வு குறையும் மகளே."

அவர் போனதும் தங்கை சிரித்துவிட்டாள். பெடல் செய்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி அது. சத்தத்தைப் பலமடங்கு பெருக்குகிற பெட்டி அது. சுற்றிலும் உலோகம் இல்லாவிட்டால் காற்றில் போகிற வானொலியையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும். கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பெடலைத் தகர டப்பாவில் செய்கிறார்கள். தெரியாமல் மரத்தில் செய்பவன் முட்டாள். உள்ளே தாள்கூட ஒட்டாதே என்று தேடிவந்து சொல்பவன் முட்டாள் இல்லை. அவனுக்கு எல்லாம் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த ஊர் ஒரு முழு வானொலிக் கம்பத்தையே மறைத்துவைத்திருந்தது, அதுவும் அதன் நிழலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு.

அன்றிரவு சாப்பிடும்போது தங்கை அண்ணியிடம் சொன்னாள். "இந்த ஞாயிறு அண்ணன் பேசினா நீங்க போக வேண்டாம். நானும் இனிமே வாயைத் திறக்க மாட்டேன். பேசலன்னா திங்கக்கிழமை ரயில் ஏறணும். சரியா?"

"பேசுவாரு" என்றாள் அண்ணி.

பெட்டி ஞாயிறன்று மண்டபத்துக்குப் போனது. கருநீலத்தில் அலைகள், அவற்றின் நடுவே பாதி மூடிய கண்கள். உண்மையிலேயே அழகான வேலை. எமனே வந்து தனக்கொன்று வேண்டும் என்பான். அதிர்வானந்தர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டியிருந்தது.

"ஆவி வந்து உட்கார மெத்துன்னு இருக்கட்டும்னுதான் சாமி" என்றாள் தங்கை.

அவருக்குப் பரம திருப்தி. உலோகம் இல்லை என்றால் அவருக்குப் போதும். அன்று கூட்டம் தாங்கவில்லை. கிட்டார்காரன் முதலில் பேசுவான் என்று அறிவித்தார். அவனுடைய கிட்டாரை ஒரு நாற்காலியில் படுக்க வைத்து ஒயரைச் செருகினார். கையை உயர்த்தினார், குமிழைத் திருப்பினார்.

ஸ்ஸ்ஸ் என்றது ஸ்பீக்கர். அவ்வளவுதான்.

இன்னும் திருப்பினார். ஸ்ஸ்ஸ் கொஞ்சம் பெரிதாயிற்று. பெட்டியைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பழைய மைக் செட் நாட்களின் வியர்வை நெற்றியில் துளிர்த்தது. பிறகு கூட்டத்தை முறைத்தார்.

"இங்க நம்பிக்கை இல்லாத ஆள் யாரோ இருக்காங்க."

எல்லோரும் பக்கத்து நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர், "குவாண்டம் கோவிச்சுக்கிச்சு" என்றார்.

தங்கை அதையெல்லாம் ரசித்துச் சிரிக்கத்தான் வந்திருந்தாள். ஆனால் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் செத்த காலையில் மேசையருகே நின்ற அதே முகம். இன்னொரு முறை அவன் போய்விட்டான் என்று நம்புகிற முகம். தங்கைக்குச் சிரிப்பு செத்துவிட்டது. பெயிண்ட் பையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

"ஆவி எங்கயும் போகல. நான்தான் கதவைச் சாத்தினேன்."

மூடியைத் திறந்தாள். அதிர்வானந்தர் "தொடாதே" என்று பாய்வதற்குள் வெல்வெட்டைக் கிழித்தாள். அதன் அடியில், ஒயர் செருகும் வளையத்தைத் தொட்டபடி, பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுகிற தாள். அதை உரித்தெடுத்தாள். ஸ்பீக்கர் கரகரத்தது.

"...பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்..."

மண்டபம் மூச்சை இழுத்தது. தாளை மறுபடி உள்ளே வைத்து அழுத்தினாள். ஸ்ஸ்ஸ். எடுத்தாள். "...மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்..." வைத்தாள். ஸ்ஸ்ஸ்.

"மறுகரைக்கே போயிட்டு வர ஆவி, பொட்டலத் தாளைத் தாண்டாதா சாமி?"

தங்கை தாளை வெளியே எடுத்து வைத்தாள். பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் திருகினாள். இரண்டும் ஒரே குரலில், ஒரே வார்த்தையைச் சொல்லின. ஒன்று தெளிவாக, மற்றது தொண்டை கட்டிக்கொண்டு. வானிலை முடிந்தது. "எங்கும் போய்விடாதீர்கள், விளம்பரத்துக்குப் பிறகு இதோ வருகிறோம்" என்றது குரல். உடனே இரண்டிலும் ஒரு சிமெண்ட் பாட்டு கிளம்பியது.

தையல்கார அம்மா எழுந்து நின்றார். "இது எங்க வீட்டுக்காரரு பாடின பாட்டாச்சே."

"அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ரெண்டு தெரு தள்ளி இருக்காரும்மா. தினம் எங்க பட்டறை எதிர்ல டீ குடிப்பாரு. செத்துப்போன விஷயம் அவருக்கே தெரியாது."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அதன் பிறகுதான் கொடுத்த காணிக்கை ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. அதிர்வானந்தர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ஆவிகள் வானொலி வழியாவும் பேசும்!"

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "அப்ப அந்த ரேடியோ என்ன விலைம்மா?"

இவர்களை என்ன செய்வது? ஆனால் தையல்கார அம்மா செய்ய வேண்டியதைச் செய்தார். மேடையேறி, அதிர்வானந்தரின் துண்டைப் பிடித்துக்கொண்டு, "மனச உறுதியா வச்சுக்கோங்க சாமி, காணிக்கைய எடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் மேடைப் படியில் வரிசை சேர்ந்தது.

அண்ணி அந்த வரிசையில் இல்லை. நாற்காலியில் கிடந்த கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தங்கை பயந்துகொண்டே கிட்டே போனாள்.

"கோவமா அண்ணி?"

"அந்தக் குரலுக்கு நான் வாராவாரம் பதில் சொன்னேன்டீ. மழை வருதுன்னு சொன்னப்ப, சரிங்க, துணிய எடுத்துடறேன்னு அழுதேன்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. "அவரு என்னைக்கு மழையப் பத்திக் கவலைப்பட்டாரு? நனைஞ்சுட்டுத்தானே வருவாரு. இதுகூட எனக்குத் தோணலையே."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்று அழுதார்கள். அந்த மண்டபத்தில் அன்றுவரை சிந்திய கண்ணீரில் அதுதான் கிட்டார்காரனுக்கு உண்மையாகப் போய்ச் சேர்ந்தது.

அண்ணி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நாளை ரயில், பிரித்த பெட்டியை மறுபடி கட்ட வேண்டும். வாசலில் கண்ணாடிக்காரர் வழிமறித்தார். பாவம், அவருக்கு நிஜமாகவே கவலை.

"அவசரப்படாதீங்கம்மா. நீங்க ஊருக்குப் போனப்புறம் அவரு வந்து கூப்பிட்டா?"

"கூப்பிட்டா முதல்ல மூடியத் திறந்து பாருங்க" என்றாள் அண்ணி. "திறக்கக் கூடாதுன்னு எவனாவது கையப் பிடிச்சா, அவன் சட்டைப் பையையும் பாருங்க. ரெண்டுலயும் ஒண்ணும் இல்லாம அப்புறமும் கூப்பிட்டாருன்னா, எனக்குச் சொல்லி அனுப்புங்க. வரேன்."