ஒரே ஒரு வெட்டுக்கு ஒரு மெஷின்

கோயம்புத்தூர் ஜில்லாவில் ஓடுகிற மோட்டார் எதுவானாலும், அதன் தலையில் ஒரு தடவையாவது ஐந்து ரூபாய்க் காசை நிறுத்திப் பார்த்திருப்பார் எங்கள் அஞ்சு ரூபா அண்ணன். பம்ப்செட், கிரைண்டர், லேத், வாஷிங் மெஷின், டவுன் பஸ் என்று பேதமே கிடையாது. சட்டைப் பையில் பழைய காலத்துக் கெட்டி ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்து, ஓடுகிற இயந்திரத்தின் மேல் விளிம்பில் நிற்கவைப்பார். விழாமல் நின்றால் அது நல்ல மெஷின். விழுந்துவிட்டால், செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். "பாவம், அவசரத்துல செஞ்சுபோட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் எல்லோரும் கூடத்தில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் சமையலறைப் பக்கம் போய் அந்த வீட்டு கிரைண்டரை ஓடவிட்டு, அதன் மேல் காசை நிறுத்தினார் என்று அவருடைய மனைவி இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார். காசு நின்றது. கல்யாணமும் நடந்தது. மகள் சந்தோஷமாக இருப்பதால் இந்த முறையை என்னால் முழு மனதோடு கேலி செய்ய முடியவில்லை.

கணபதியில் அண்ணனுடைய வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் கோபம் வந்தால் மரியாதை குறையும். இங்கே கோபம் வந்தால் மரியாதை கூடும். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. அது புரியாமல் அண்ணனுடைய கதையும் புரியாது.

அண்ணனுக்கு ஒரே ஒரு தங்கை. ஆனைமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். அண்ணனுடைய கல்யாணத்தில், கூடப்பிறந்தவள் செய்யவேண்டிய இணைச்சீர்ச் சடங்கைச் செய்தவர். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு, வெள்ளகோவிலில் இருந்த பழைய வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்ள இருவரும் போனார்கள். பாத்திரம் பண்டமெல்லாம் பத்து நிமிஷத்தில் பிரிந்துவிட்டன. கடைசியில் மிஞ்சியது ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகை. ஈட்டி மரத்தில் ஒரே துண்டாக எடுத்த பலகை, நாலடி நீளம், ஓரடி அகலம், இரண்டங்குலக் கனம். கறுப்பும் பழுப்புமாக வரிகள் ஓடும். சின்ன வயதில் அந்த வரிகளில் ஆறு, மலை, யானை எல்லாம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருவரும் தூங்கியிருக்கிறார்கள்.

தங்கை சொன்னார்: "இத நீயே வெச்சுக்கண்ணா."

அண்ணன் சொன்னார்: "செரி கண்ணு."

அவ்வளவுதான். பலகையை டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மதுரையில் இதில் ஒரு தப்பும் கிடையாது. கொடுத்தார், வாங்கினார். ஆனால் இந்த ஊரில் ஒருவர் "வெச்சுக்குங்க" என்றால், "ஐயோ, எனக்கெதுக்குங்க" என்று இரண்டு மூன்று தரமாவது மறுக்கவேண்டும். அதற்குள் யாருக்கு நிஜமாகவே ஆசை என்பது பொழுது விடிந்த மாதிரி தெரிந்துவிடும். அண்ணன் மறுக்கவே இல்லை. வீட்டில் அக்கா, அதாவது அண்ணனுடைய மனைவி, கேட்ட முதல் கேள்வியே "எத்தன தரம் வேண்டாம்னு சொன்னீங்க?" என்பதுதான். அண்ணன் முழித்தார். அக்கா பலகையைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து தங்கை வீட்டுப்பக்கம் வரவில்லை. போன் பண்ணினால் எடுப்பார். "நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கறீங்களாங்க. போன வெச்சரட்டுங்களா" என்பார். ஒரு வாக்கியத்துக்கு ஒன்று வீதம் 'ங்க' விழும்போதெல்லாம் அண்ணனுடைய முகம் சுருங்கும். பலகையைத் தூக்கிக்கொண்டு நேரிலும் போய்ப் பார்த்தார். தங்கை காப்பி, பலகாரம் எல்லாம் வைத்து உபசரித்து, "பரவாயில்லீங்க, உங்கட்டயே இருக்கட்டுமுங்க" என்று பலகையோடு திருப்பி அனுப்பிவிட்டார். மரியாதை முற்றிவிட்டது.

அப்போதுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. பலகையைக் குறுக்கே வெட்டினால் ஆறு ஒருத்தருக்கும் மலை ஒருத்தருக்கும் போய்விடும். ஆனால் அதை நிமிர்த்தி வைத்து, கனத்தில் இரண்டாக வகுந்துவிட்டால்? இரண்டு மெல்லிய பலகை கிடைக்கும். புத்தகத்தை விரித்த மாதிரி இரண்டிலும் ஒரே வரி, ஒரே யானை. ஆளுக்கொன்று. தங்கை ஆனைமலையில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். அதற்குள் இது நடக்கவேண்டும்.

அறுவை மில்லுக்குப் போனார். அங்கே ரம்பம் கனமாக இருந்தது. பாதி மரத்தைத் தூளாக்கிவிடும் என்று அண்ணனுக்குப் பட்டது. போதாக்குறைக்கு அங்கேயும் காசை நிறுத்தப் பார்த்து, 'சித்த வெளிய இருங்க' என்று அன்போடு வெளியேற்றப்பட்டார். தனக்கே தனக்கென்று ஒரு பேண்ட்சா வாங்கி, கார் நிற்கிற போர்ட்டிகோவில் மரவேலைப் பட்டறை போட்டுவிடுவது என்று அன்றே முடிவு செய்தார். பேண்ட்சா என்பது மேலொன்று கீழொன்றாக இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி நாடா மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லிய ரம்பம். பம்புக்கு வார்ப்பு ஊற்றும் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டதால் அண்ணனுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு மெஷின் வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறக்கக்கூடாது. டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் மோட்டார் வைண்டிங் செய்பவராக இருப்பார், எதிரில் நிற்பவர் பேரிங் வியாபாரியாக இருப்பார். இரண்டு பேரும் ஒரே குரலில், "வாங்கறது எதுக்குங்க, நம்மளே பண்ணிப்போடலாமுங்க" என்பார்கள். ஒருவர் மெஷினுக்கு இரும்புச் சட்டம் வார்த்துத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் சைக்கிள் ரிம்மில் சக்கரம் செய்யலாம் என்றார். யாரிடமும் முடியாது என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. ஆகவே வேறு டீக்கடைக்கு மாறினார்.

கடைகளிலோ வேறு கூத்து. வீட்டுப் பட்டறைக்கு என்று விற்கிற மெஷின்கள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்டவை அரையடி உயரத்துக்கு மேல் அறுக்காது; அண்ணனுடைய பலகையோ நிமிர்த்தினால் ஓரடி உயரம். ஓரடி அறுக்கிறவை தகரத்தில் செய்தவை, ஓடவிட்டதும் காசு குப்புற விழுந்தது. கடைக்காரர்கள் மெஷினில் என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்று ஆசையாகக் கேட்பார்கள். நாற்காலியா, பொம்மையா, ஊஞ்சலா? "ஒரே ஒரு வெட்டுங்க" என்பார் அண்ணன். கொஞ்ச நாளில், அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததுமே பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கரண்ட் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசியில் சிங்காநல்லூரில் கிடைத்தது. வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் கடைக்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிவிட்டதால் தன் பேண்ட்சாவை விற்றுவிட இருந்தார். முழுக்க வார்ப்பு இரும்பு. அண்ணன் சுவிட்சைப் போட்டார். காசை நிறுத்தினார். நின்றது. இன்னும் நின்றது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மெஷின் போர்ட்டிகோவுக்கு வந்தது, கார் தெருவுக்குப் போனது, காக்கைகள் காரின் நிறத்தை மாற்றின. மெஷின் நின்ற இடத்துக்கு நேர் மேலே என் எழுதும் மேசை. அடுத்த சில மாதங்களில் நான் எழுதிய கட்டுரைகளில் எங்கேயாவது வாக்கியம் ஆட்டம் காண்பதாகத் தோன்றினால் காரணம் இதுதான்.

வாங்கினால் போதாதாம், அதைச் சுருதி சேர்க்கவேண்டுமாம். சக்கரத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரை உரித்துப் புதிது ஒட்டினார். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். ரம்பத்தை ஆடவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் பேரிங்குகளுக்கும் ரம்பத்துக்கும் நடுவே ஒரு டவுன் பஸ் டிக்கெட் நுழையும் அளவுதான் இடைவெளி விட்டார். அதற்காகவே வேலையில்லாமல் காந்திபுரம் போய்வந்தார். ரம்பம் எவ்வளவு முறுக்கோடு இருக்கவேண்டும் என்பதில் மட்டும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

நாலு வீடு தள்ளி வயலின் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருந்தார். மெஷின் சத்தத்தில் வகுப்பு நடத்த முடியவில்லை என்று புகார் சொல்லத்தான் அன்று கிளம்பி வந்தார். வந்தவர் கேட்டருகில் நின்று, இந்த ஊர்க்காரர் என்பதால், "சத்தம் நல்லா வருதுங்க" என்றார். அண்ணனுக்குப் பரம சந்தோஷம். சங்கீதம் தெரிந்தவரே சொல்லிவிட்டார் என்று உள்ளே அழைத்துப்போய், மெஷினை நிறுத்தி, ரம்பத்தை விரலால் மீட்டிக் காட்டினார். டீச்சர் பாவம் என்ன செய்வார், காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றார். அண்ணன் திருகைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் என்றார் டீச்சர். மறுபடி ஓடவிட்டபோது ரம்பத்தின் துடிப்பு அடங்கி, சத்தமும் பாதியாகக் குறைந்திருந்தது. புகார் சொல்லாமலே காரியம் முடிந்த திருப்தியில் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

பிறகு ஒத்திகை. கையில் அகப்பட்ட கட்டையையெல்லாம் அண்ணன் வகுந்து தள்ளினார். தெருவில் எல்லா வீட்டுக்கும் மெல்லிய பலகைகள் போய்ச் சேர்ந்தன. அக்காவின் சப்பாத்திப் பலகை ஒரு நாள் இரண்டாகிவிட்டது. ஒன்றுக்கு இரண்டாச்சே என்று அண்ணன் சமாதானம் சொன்னார். இரண்டிலும் சப்பாத்தி தேய்க்க முடியவில்லை.

ஒரு வில்லங்கம் மட்டும் தீரவில்லை. எவ்வளவு நேராகத் தள்ளினாலும் வெட்டு இடது பக்கமாகவே விலகியது. ஒரு பலகை தடியாகவும் மற்றது நுனியில் அப்பளமாகவும் வந்தது. கட்டையை அமுக்கிப் பிடித்தார், அதட்டித் தள்ளினார். ரம்பம் கேட்கவில்லை. நான்கூட, மெஷினை விற்றுவிட்டுத் தங்கைக்கு வெள்ளி விளக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னேன். அண்ணன் ஒரு கட்டையில் பென்சிலால் கோடு போட்டு, பிடிமானம் இல்லாமல் வெறும் கையால் அந்தக் கோட்டின்மேல் அறுத்தார். கோட்டை விட்டு விலகாமல் இருக்க, கட்டையைக் கொஞ்சம் கோணலாகத்தான் தள்ளவேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தி, அந்தக் கோணலைக் குறித்துக்கொண்டு, பலகை சாய்ந்து போகும் தடுப்புக் கட்டையையும் அதே கோணலுக்குத் திருப்பிவைத்தார். அடுத்த வெட்டு மேலும் கீழும் ஒரே கனம்.

"நம்ம நேருக்கு அது வராதுங்க தம்பி. அதோட சாய்வுக்கு நம்ம போகோணும்" என்றார்.

"மெசினோட சாய்வு தெரியறதுக்கு இத்தன நாளாச்சு. கூடப்பொறந்தவ சாய்வு எப்பத் தெரியுமோ" என்றார் வாசலில் நின்ற அக்கா. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தூளைக் கூட்டினார்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம், ஒரு காலை நேரம், நிஜமான வெட்டு. இதில் தவறினால் இன்னொரு பலகை கிடையாது. இன்னொரு தங்கையும் கிடையாது. அண்ணன் குளித்து, திருநீறு பூசி வந்தார். மெஷினுக்குப் பின்னால் நின்று பலகையை வாங்குகிற பொறுப்பு என்னுடையது. வயலின் வகுப்பை டீச்சர் தானாகவே நிறுத்தியிருந்தார். அண்ணன் பலகையை நிமிர்த்தித் தடுப்போடு சேர்த்து, எறும்பு ஊர்கிற வேகத்தில் தள்ளினார். ஈட்டி மரத்தூள் ஊதா நிறத்தில் அவர் முழங்கை வரை படிந்தது. மரம் வாசனையாக இருந்தது.

கடைசி அங்குலம் அறுபட்டு, இரண்டு பலகையும் என் கைக்கு வந்தன. அண்ணன் அவற்றைத் தரையில் பக்கம் பக்கமாக விரித்துவைத்தார். நடுவில் ஒரு ஆறு. இரண்டு கரையிலும் ஒரே மலை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு யானைகள். அத்தனை வருஷமாக மரத்துக்குள் இருந்து, யாரும் பார்த்திராத வரிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று அண்ணனையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு நான்தான் காரை ஓட்டினேன். சீர்த்தட்டுகளோடு, பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு பலகைகள். தங்கை வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று மூன்று 'வாங்க' சொன்னார். மூன்றிலும் கோபம் இருந்தது. விருந்தாளிகள் பந்திக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் கூடத்தில் பலகைகளை விரித்து வைத்தார்.

தங்கை அருகே வந்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு யானையின் முதுகை விரலால் தடவினார்.

"இதுக்குத்தானுங்ளா மெசினு வாங்குனீங்க?"

"ஆமா அம்மணி. எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்க. இன்னொண்ண நான் கொண்டுபோயர்றேன்."

மறுக்கப்போகிறார், பிறகு இவர் வற்புறுத்துவார், பிறகு அவர் மறுப்பார், பொள்ளாச்சி தாண்டுவதற்குள் இருட்டிவிடும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும் எனக்கு வேணுமுங்ணா" என்றார் தங்கை.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் 'எனக்கு வேண்டும்' என்று நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பிரிச்சா ஆத்துக்கு ஒரு கரைதான் இருக்கும். ரெண்டும் இந்தச் செவுத்துலயே இருக்கட்டும். பாக்கோணும்னா நீ வா" என்றார். 'நீங்க' போய் 'நீ' ஆகியிருந்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். எங்கே மறுத்துவிடுவாரோ என்று அக்கா அவர் முழங்கையைக் கிள்ளுவதை நான் பார்த்தேன். ஆனால் தேவையிருக்கவில்லை.

"வாரேன் கண்ணு" என்றார் அண்ணன்.

ஒரு வருஷம் பாடுபட்டு அறுத்த இரண்டு பலகையில் ஒன்றுகூடக் கைக்கு மிஞ்சாமல், காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, பொள்ளாச்சி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். "கேட்டுப்போட்டா தம்பி. வாய் தொறந்து கேட்டுப்போட்டா" என்று எனக்கும் ஜன்னலுக்கும் மாறிமாறிச் சொன்னார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் ஆனைமலைக்குப் போய்விடுகிறார். பலகைக்கு எண்ணெய் போடவேண்டும், ஆணி சரியாக இருக்கிறதா பார்க்கவேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்வார். அன்றைக்குக் கீழே மெஷின் ஓடாது, தெருவே அமைதியாக இருக்கும், நிம்மதியாக எழுதலாம். நான் ஒரு வரியும் எழுதுவதில்லை. சாயங்காலம் ஆனதும் பால்கனிக்கு வந்து, அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறாரா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.