லைன் அண்ணனும் ஏழாம் சேனலும்

மலாக்கா மாநிலம் முழுக்கத் தேடினாலும் பேய்க்குப் பயப்படாத தமிழர் ஒரே ஒருவர்தான் தேறுவார். அவர் லைன் அண்ணன். உண்மையில் பேய்கள்தான் அவருக்குப் பயந்திருக்க வேண்டும். எதிரே ஒரு பேய் வந்து நின்றால் அவர் ஓடமாட்டார், கும்பிடமாட்டார். முட்டி போட்டுக் குனிந்து, அதன் வயர் எந்த பிளக்கில் சொருகியிருக்கிறது என்று தேடுவார்.

அவருடைய அடையாள அட்டையில் என்ன பெயர் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. செங் என்ற ஊரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். சனிக்கிழமை மதியங்களில் அவருக்கு கீபோர்டு வாசிப்பேன், மிக்ஸர் மேசையில் கூடமாட உதவுவேன். எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "லைன் எங்கருந்து வருது, எங்க போவுது?" அதனால்தான் அந்தப் பெயர்.

ஸ்டூடியோவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கிளினிக்கில் வயிற்றுவலி என்று போய் உட்கார்ந்து, "டாக்டர், இன்புட்டுல ஒரு பிரச்சனையும் இல்ல. நல்லா சாப்பிடுறேன். உள்ளதான் எங்கயோ ரூட்டிங் தப்பாயிருக்கு" என்றார். கிளேபாங் கடற்கரையில் இளநீர் ஷேக் குடிக்கப் போனால், நாங்கள் கேட்ட கிளாஸ் எந்தக் கை மாறி எந்த மேசைக்குப் போகிறது என்று கடைக்காரப் பையன்கள் பின்னாலேயே நடப்பார். வீட்டில் அரிசி டின் முதல் பாத்ரூம் குழாய் வரை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேர் எழுதி வைத்திருந்தார். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவர் சட்டை முதுகில் 'மியூட்' என்று எழுதி ஒட்டி பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, அனுப்பிவிட்டார். மனுஷன் அப்படியே போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

பேய் விஷயத்துக்கு வருகிறேன். ஓர் எஸ்டேட் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர்தான் ஒலிபெருக்கி. நடுப்பகல். பூசை முடிந்து, சாப்பிட்ட மயக்கத்தில் ஜனங்கள் ரப்பர் மர நிழலில் சாய்ந்திருந்தார்கள். பந்தலில் ஆள் இல்லை. திடீரென்று ஸ்பீக்கர் நான்கிலும் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கத்தி அழவில்லை, உள்ளுக்குள்ளேயே விசும்பினாள். நடுவே மூக்கை உறிஞ்சினாள். "யாருக்கு என்ன செஞ்சேன் நானு" என்றாள். எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. கோயில் தலைவர் சன்னிதி முன்னால் தடாலென்று விழுந்து, போன வருடம் கும்பத்தைக் குறைத்தது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.

லைன் அண்ணன் இலையை மடித்துவிட்டு நிதானமாக எழுந்தார்.

"அழுவட்டும் லா. எங்கருந்து அழுவுதுன்னு பாப்போம்."

நேராக சமையல் கொட்டகைக்குப் போனார். அங்கே வெங்காய மூட்டை மேல், அறிவிப்பாளர் தே ஓ என்ற பாலில்லாத டீ குடிக்கப் போனபோது அணைக்காமல் வைத்துவிட்ட வயர்லெஸ் மைக். பக்கத்தில் ஓர் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே மாமியாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் மைக்கை அணைத்தார். அம்மன் அழுகை நின்றது. அடுத்த வருடம் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

"வழி இல்லாம சத்தம் வராது தங்கச்சி. வந்துச்சுன்னா வழி இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு விரோதி உண்டு. ஸ்டூடியோச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கிய பழைய ஹெட்போன். ஒரு பக்கப் பஞ்சு உதிர்ந்துபோனது. அதைக் காதில் மாட்டிக்கொண்டு யாராவது பாடினால், காதுக்குள் கேட்க வேண்டிய சத்தம் வெளியே கசிந்து பாடுகிறவரின் மைக்கிலேயே விழுந்துவிடும். ஒருமுறை முருகன் பாட்டு ஒன்றில் அப்படித்தான் தாளக்கணக்கின் 'டிக் டிக்' சத்தம் கசிந்து, பாட்டு முழுக்க முருகன் கடிகாரத்தோடு வந்தார். அன்றிலிருந்து அதற்குச் சிவப்பு டேப் சுற்றி, 'லீக், தொடாதே' என்று எழுதி ஆணியில் மாட்டிவிட்டார். ஏன் குப்பையில் போடவில்லை என்று கேட்டதற்கு, "கண்ணு முன்னால இருந்தாத்தான் புத்தி வரும்" என்றார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சர்ச் பாடகர் குழு, திருவிழாவுக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்ய அவரிடம் வந்தது. குழுவில் அந்தோணி அண்ணனும் அவர் மனைவி பிலோ அக்காவும் பாடினார்கள். அந்தோணி அண்ணன் லாரி டிரைவர். அடிவயிற்றிலிருந்து வரும் தடித்த குரல். அவரிடம் ஒரு பழக்கம். எந்தப் பாட்டானாலும் எல்லாருக்கும் அரை மூச்சு முன்னாலேயே தொடங்கிவிடுவார். "லாரிய முன்னாலயே கியர் போட்டாத்தான் ஏறும்" என்று அதற்கு விளக்கம் வேறு. பிலோ அக்கா அந்த அரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தன் சுருதியை எடுப்பார். பதிவின்போதே, "அண்ணே, என் ஹெட்போன்ல மட்டும் இவரு குரல கொஞ்சம் தூக்கி வைங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தோணி அண்ணன் இரண்டாம் சரணத்தில் வரும் தன் பகுதியைப் பாடி முடித்த பத்தாம் நாள், லாரியிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார்.

குழுவின் செக்கரட்டரி, செத்தவர் குரலைப் போட்டால் கேட்கிறவர்கள் மனது கஷ்டப்படும், அதனால் அந்தப் பகுதியை வேறு ஒருவர் பாடட்டும் என்று முடிவு செய்தார். அந்த வேறு ஒருவர் செக்கரட்டரியின் மருமகன். அவர் பாடினால் சுருதி சுத்தமாக இருக்கும், வேறொன்றும் இருக்காது. பிலோ அக்கா சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"தங்கச்சி, ஏழாம் சேனல் அந்தோணி டிராக்க எடுத்துரு" என்று சொல்லிவிட்டு லைன் அண்ணன் தே ஓ வாங்கக் கீழே போனார். எடுக்க வேண்டும் என்றால் அழிக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அடக்கம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகாத மனுஷனை நான் எப்படி ஒரு பட்டனை அழுத்தி அழிப்பேன்? மியூட் போடலாம் என்றால், அது அவர் வாயைப் பொத்துவதுபோல இருந்தது. அதனால் இறந்தவர் கண்ணை மூடிவிடுவதுபோல, ஏழாம் சேனலின் ஃபேடரை, சத்தத்தை ஏற்றி இறக்கும் அந்தக் கட்டையை அண்ணன் 'தள்ளுபிடி' என்பார், மெல்லக் கீழே இறக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டேன். மேசை ஸ்பீக்கரில் அவர் குரல் தேய்ந்து நின்றது. எடுத்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, வெளியே நல்ல மழை. பாடும் அறையில், தன் பகுதியைப் பாட வந்த பிலோ அக்கா மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணனும் நானும் செக்கரட்டரியும். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் தொடங்கப் போகும் நேரத்தில் அக்கா நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே... யாரு பாடுறா?"

"யாரும் பாடலியே மா. மியூசிக் மட்டுந்தான்."

"இல்ல. எனக்கு முன்னால மூச்சு எடுக்குறாரு."

எங்கள் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி ஓட்டினோம். அதே இடத்தில் அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே மூடிய கதவும் சுவரும்தான். "கெணத்துக்குள்ள இருந்து பாடுறாப்ல இருக்குண்ணே. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். மைக் முன்னால் கிடந்த அந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கால் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை.

ஒரே வாரத்தில் விஷயம் பரவியது. பிலோ அக்காவின் நாத்தனார் அவரை மந்திரிக்க ஜாசின் பக்கம் யாரிடமோ கூட்டிப் போகப் பார்த்தார். செக்கரட்டரி, "பிலோமினா ஓய்வெடுக்கட்டும், வேற ஆள் பாடட்டும்" என்றார். புருஷன் போய், அவர் குரல் போய், இப்போது பாட்டும் போகப் போகிறது. அக்கா எனக்குப் போன் செய்து, "மா, நெசமா சொல்லு. நான் சரியாத்தான் இருக்கேனா?" என்று கேட்டார்.

லைன் அண்ணன் மட்டும், "அந்தப் பொண்ணு கேட்டேன்னு சொன்னா கேட்டிருக்கு. வரச் சொல்லு" என்றார்.

மறு சனிக்கிழமை அக்காவைப் பாடும் அறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டார். இரண்டாம் சரணம் வந்தது. பேயைக் கண்டு பயப்படாத மனுஷனின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அசையாமல் நின்றார். பிறகு ஹெட்போனை என் காதில் வைத்தார்.

முதலில் மூச்சு. நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு. அடுத்து, எல்லாருக்கும் அரை மூச்சு முன்னால், எதிரொலி சுற்றிய தூரத்தில், அந்தோணி அண்ணன் பாடினார். நான் அலறியதில் கீழே டயர் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

அண்ணன் முட்டி போட்டார். ஹெட்போன் வயரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து, கதவைத் தள்ளித் திறந்து, மேசைக்குப் பின்னால் போய், "இங்க வருது... இங்க போவுது..." என்று முனகிக்கொண்டே எழுந்தார். விரல் ஏழாம் சேனலில் நின்றது. தள்ளுபிடி கீழே கிடந்தது.

"எடுத்துட்டேன்னு சொன்னே?"

"இறக்கி வச்சேண்ணே. அழிக்க மனசு வரல."

நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஒண்ணும் இல்லமா. நீ கேட்டது நெசம். வீட்டுல தண்ணி டாங்கிலருந்து பைப்பு வருதுல்ல, பாத்ரூம் குழாய்க்கு முன்னாலயே ஒரு கெள பிரிஞ்சு சமையக்கட்டுக்குப் போவுது. பாத்ரூம் குழாய நீ மூடிட்டா சமையக்கட்டுல தண்ணி நின்னுருமா? அதான். இந்தத் தள்ளுபிடி எங்க ஸ்பீக்கருக்கு. உன் ஹெட்போனுக்குப் போற கெள அதுக்கு முன்னாலயே பிரியுது. எங்களுக்கு மூடிருச்சு. உனக்கு மூடல."

பிலோ அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான் சரியாத்தான் இருக்கேன், நான் சரியாத்தான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் தாங்கவில்லை. அண்ணன் அந்தக் கிளையை மூட, அதன் திருகில் கை வைத்தார்.

"அண்ணே, மூடாதீங்க." அக்கா எழுந்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாளு. அவரோட சேந்து பாடிட்டு விட்டுர்றேன்."

அன்றும் கூட வந்திருந்த செக்கரட்டரி தொண்டையைச் செருமினார். "அந்தோணி குரல் பாட்டில வரக்கூடாதுன்னு கமிட்டி முடிவு."

"ஏழாம் சேனல் பாட்டில வராது சார். வேணும்னா எழுதிக் குடுக்குறேன்."

சொல்லிவிட்டு அண்ணன் சுவர் பக்கம் போனார். அந்தச் சிவப்பு டேப் ஹெட்போனை ஆணியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, அக்கா தலையில் மாட்டினார்.

"அண்ணே! அது லீக்..."

"நீ ஒன் கீபோர்ட பாரு."

மனுஷன் கலங்கிப்போய் எதை எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் பாட்டு முழுவதையும் பாடி முடித்தார். இரண்டாவது முறை தேவைப்படவில்லை.

திருவிழா அன்று காலைப் பூசைக்குப் பின் சர்ச் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். இரண்டாம் சரணம். மருமகன் குரலுக்கு அரை மூச்சு முன்னால், எங்கோ பின்னாலிருந்து, தடித்த குரல் ஒன்று எழுந்தது. பாடகர் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கம், அந்தோணி அண்ணன் எப்போதும் நிற்கும் தூணுக்கு அருகே யாரும் இல்லை. பிலோ அக்கா மட்டும் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே செக்கரட்டரி மேல்மாடிக்கு ஏறி வந்தார். லைன் அண்ணன் மேசையைக் காட்டினார். ஏழாம் சேனல் காலி. அந்தோணி அண்ணன் டிராக்கைப் பென்டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு அழித்திருந்தார். செக்கரட்டரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், மூன்று முறை சிலுவை போட்டார். "அலாமா" என்று பதறிப் படியிறங்கியவர், பிறகு மருமகனைத் தனியாகப் பாடச் சொல்லவே இல்லை.

அவர் போனபின் நான் பிலோ அக்காவின் சேனலை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டேன். மற்ற எல்லார் சேனலிலும் வரிக்கு வரி இடைவெளியைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்த மனுஷன், இதில் ஓர் இடத்திலும் கை வைக்கவில்லை. அக்கா மூச்சு எடுக்கும் இடைவெளியில், கிழிந்த பஞ்சு வழியாகக் கசிந்து, அவர் மைக்கிலேயே விழுந்து, புருஷன் பாடிக்கொண்டிருந்தார். லைன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிவப்பு டேப் ஹெட்போனை மறுபடி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் ஜொகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் குழாய்களுக்கெல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டதாம். வருடா வருடம் எங்கள் சர்ச் திருவிழா அன்று சரியாகப் போன் வரும். இந்த வருடமும் வந்தது.

"தங்கச்சி, அந்தப் பாட்டு போட்டாங்களா?"

"போட்டாங்கண்ணே."

"ரெண்டாவது சரணத்துல யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களா?"

"பாத்தாங்கண்ணே."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகவில்லை, அவர் அங்கேதான் இருந்தார். நானும் வைக்கவில்லை.