புரிந்துவிட்ட புத்தகம்

"இதைத் தூக்கிப் போட்டுடலாம். புரியுது" என்றார் டாக்டர் ஹெர்மினா.

பியர்க் குவளைகளுக்கு நடுவே ஐந்து நாவல்கள் கிடந்தன. அவர் ஐந்தாவதை மட்டும், மீன் முள்ளை ஒதுக்குவதுபோல், மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். அதன் பெயர் 'நிலையத்தில் ஒரு வாத்து'.

அது கீழே விழுந்துவிடாமல் ராடிம் விரலால் தடுத்துப் பிடித்தான்.

செக் நாட்டின் ப்ர்னோ நகரில் இருந்த அந்த வாசகர் வட்டத்தில் மூன்றே பேர். சோதனைப் புனைவு விருதின் குறும்பட்டியலைப் படித்து, வட்டத்துக்கு ஒரு வாக்கு போடலாம். மூவரும் ஒருமனதாகச் சொன்னால்தான் அது செல்லும். எந்த வட்டத்தின் வாக்கும் கிடைக்காத புத்தகம் இன்றோடு பட்டியலிலிருந்து விழுந்துவிடும். வாத்துக்கு இதுவரை யாரும் போடவில்லை. மற்ற வட்டங்களெல்லாம் முடித்துவிட்டன, மிச்சம் இவர்கள்தான்.

"கதை இருக்கு இதுல" என்றார் ஒத்தோகர், வாயைக் கோணிக்கொண்டு. அவர் கணக்கு வாத்தியார். ஆனால் மாணவர்கள் முதல் கறிக்கடைக்காரர் வரை அவரை ப்ரொஃபெசர் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆரம்பிக்குது, நடக்குது, முடியுது. கொஞ்சம்கூட வெட்கமில்லாம முடியுது."

ராடிம் குடிநீர் வாரியத்து இன்ஜினியர், வட்டத்துக்குப் புதியவன். முதல் கூட்டத்தில், பயத்தில், லிப்ட் பழுதுபார்த்த குறிப்புகளாலேயே ஆன ஒரு நாவலை 'இந்த நூற்றாண்டின் மூச்சு' என்று சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து கடுமையான வாசகன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே பிழைப்பாகிவிட்டது.

வாத்துப் புத்தகத்தை அவன் டிராமில் படிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு, பணிமனை வரைக்கும் போனான். மறுநாள் வீங்கிய கண்ணோடு அலுவலகம் போனபோது, "விவாகரத்தா?" என்று கேட்டார்கள். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். பிடித்திருக்கிறது என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வாத்து போகும்.

"அப்படி ஒரேயடியா சொல்லிட முடியாது, ப்ரொஃபெசர். அது வாத்தே இல்லை."

"வேற என்ன?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. "அது... வாத்தோட இன்மை."

"பக்கத்துக்குப் பக்கம் கத்துதே!"

"இன்மைதான் அப்படிக் கத்தும்."

டாக்டர் ஹெர்மினா முன்னால் சாய்ந்தார். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேசினாலும் சொத்தைப் பல் எங்கே என்று தேடுகிற பார்வை. "அப்ப நாலாவது அத்தியாயத்துல அது முட்டை போடுதே?"

"அதைத்தான் டாக்டரம்மா நானும் யோசிச்சிட்டிருக்கேன்."

அந்த நேரம் பார்த்து மதுக்கடைக்காரி பொஜெனா குவளைகளோடு வந்தாள். "வாத்தா? ஞாயித்துக்கிழமைதான் இருக்கும், முட்டைக்கோஸோட. இன்னிக்கு ஊறுகாய் சாசேஜ் மட்டும்தான்."

"அதையே கொடும்மா" என்று சொல்லிவிட்டு ஒத்தோகர் திரும்பினார். "இன்ஜினியர் சார், நீங்க சொல்றது உருவகம். உருவகம் இருக்குன்னுதான் போன வருஷம் ரெண்டு புத்தகத்தைக் கழிச்சோம். அப்ப இதையும்..."

"ஐயோ, உருவகம் இல்லை!" ராடிம் குவளையைத் தட்டிவிட்டான். பியர் மேஜையில் ஓடியது. புத்தகத்தை மட்டும் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இதை... இதைப் பின்னாடியிருந்து படிக்கணும்."

"எங்க போட்டிருக்கு?"

"போடலை. அதான் சோதனை."

"நீங்க அப்படிப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை" என்றான் ராடிம். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். சிவந்தது.

"அப்ப படிச்சுக் காட்டுங்க. கடைசி வரியிலேர்ந்து மேல" என்றார் டாக்டர் ஹெர்மினா. வாயைத் திற என்று சொல்வதுபோல் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் நிலையத்தை மூடுகிறார்கள். கிழட்டு நிலைய அதிகாரி கொடியை மடித்து வைக்கிறார். வாத்து அவர் மடியிலிருந்து குதித்து, கடைசி ரயிலின் பின்னால் ஓடி, பனியில் மறைகிறது. ராடிம் வாக்கியம் வாக்கியமாகக் கீழிருந்து மேலே படித்தான். பனியிலிருந்து வாத்து வந்தது. போன ரயில் திரும்பி வந்தது. வாத்து ஓடிவந்து கிழவரின் மடியில் ஏறி உட்கார்ந்தது. மடித்த கொடி விரிந்தது.

அந்த வரியின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"அழறீங்களா, இன்ஜினியர் சார்?"

"இல்லை. ஆமா." அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கடைசியாக ஒரு பொய்தான் மிச்சம். "புரியலை டாக்டரம்மா. ஒரு மண்ணும் புரியலை. அதான் அழறேன்."

டாக்டர் ஹெர்மினா கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

"எவ்வளவோ பேர் என் நாற்காலியில உக்காந்து வலியில அழுதிருக்காங்க. புரியாம ஒருத்தர் அழுது இப்பதான் பாக்குறேன். அப்படின்னா இது லேசுப்பட்ட புத்தகம் இல்லை."

"ஒருமனதா?" என்றார் ஒத்தோகர். அதற்குள் கைபேசியை எடுத்துவிட்டிருந்தார்.

"ஒருமனதா."

"விவாதம் வேண்டாமா?" என்றான் ராடிம், நம்ப முடியாமல்.

"புரியாததை என்னத்தைங்க விவாதிக்கிறது?" ஒத்தோகர் அங்கேயே, வாக்குகளைச் சேகரிக்கும் நூலகத்தைக் கூப்பிட்டு வாக்கைச் சொல்லி முடித்தார். சாசேஜைக்கூடத் தொடவில்லை. இருவரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு, மனசு மாறிவிடுமோ என்று பயந்தவர்கள்போல், விறுவிறுவென்று வெளியேறினார்கள்.

வாத்து பிழைத்துவிட்டது. ஆனால் ராடிமுக்குச் சாப்பிட முடியவில்லை. எவ்வளவு நேர்மையான மனிதர்கள்! புரியாத இலக்கியத்துக்காகவே வாழ்கிறவர்கள். அவர்கள் தலையில், படித்தால் பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற ஒரு கதையைக் கட்டிவிட்டானே!

மேஜையைத் துடைக்க வந்த பொஜெனாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "பாவம்மா அவங்க. நல்லவங்களை ஏமாத்திட்டேன்."

பொஜெனா துடைப்பதை நிறுத்தினாள்.

"நீங்க ஏமாத்தினீங்களா? நல்லா இருக்கே! நேத்து ரெண்டு பேரும் இதே மேஜையில உக்காந்து, இந்தப் புத்தகத்துக்காக அழுது மூக்கைச் சிந்திக்கிட்டே, 'அந்த இன்ஜினியருக்குப் புரியற புத்தகம்னாலே ஆகாது, நாம வேணும்னு சொன்னா அவர் வேணாம்பாரு, அதனால முதல்ல நாமளே தூக்கிப் போட்டுடுவோம், அப்பத்தான் எதிர்த்து அவரே வேணும்பாரு'ன்னு ஒத்திகை பார்த்துட்டுப் போனாங்களே!"